குவைத்துக்காரர் வீடு

1

அஞ்செட்டியில் எங்கள் பெரியப்பா வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "குவைத்துக்காரர் வீடா? அப்படியே மேல போங்க" என்பார்கள். அவர் கடைசியாக அங்கிருந்து திரும்பி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்டம் மட்டும் போகவில்லை. கீழக்கரையிலோ புதுக்கோட்டையிலோ இப்படி ஒரு பெயர் நிற்கவே நிற்காது, அங்கே தெருவுக்குப் பத்து குவைத்துக்காரர்கள் இருப்பார்கள். எங்கள் பக்கம் கதை வேறு. மானாவாரி நிலம், ராகி, ராத்திரியில் யானை. வேலை வேண்டும் என்றால் தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர், அதையும் விட்டால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊர் என்பதால் பெங்களூரு எங்களுக்கு வெளியூர்கூட இல்லை. வெளிநாடு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தது பெரியப்பா மூலமாகத்தான்.

கிரானைட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், 1986-ல் பம்பாய் ஏஜென்ட் ஒருவர் வழியாகக் குவைத் போனார். தண்ணீர் லாரி ஓட்டினார். 1990-ல் போர் வந்து ஓடிவந்தார். 1992-ல் மறுபடி போனார். அவரிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, ஊரே கேட்ட கதை. பாலைவனத்தில் படுத்துக் கிடந்தது, பாட்டில் தண்ணிக்கு அடித்துக்கொண்டது, அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறியது. இன்னொன்றை அவர் அதிகம் சொல்வதில்லை. நான் கல்லூரியில் வரலாறு படிக்கப் போன வருஷம் ஒருநாள் தானாகச் சொன்னார்.

1992-ல் திரும்பிப் போனபோது கம்பெனிக்காரர்கள் இவர்கள் எட்டுப் பேரை ஹவல்லி என்கிற இடத்தில் ஒரு பழைய வீட்டில் தங்கவைத்தார்கள். சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள். குழந்தையை நிற்கவைத்து உயரம் குறித்த கோடுகள். பக்கத்தில் அரபி எண்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு நம்பர் பிளேட் படிக்கத் தெரிய வேண்டும் என்பதால் அந்த எண்கள் அவருக்குத் தெரியும். 86, 87, 88, 89, 90. அதோடு சரி.

"கீழ கடை வச்சிருந்த மிஸ்ரிக்காரன்கிட்ட கேட்டேன். பலஸ்தீனின்னான். எங்க போனாங்கன்னேன். கைய விரிச்சான். அப்புறம் எட்டு வருசம் அந்த வீட்லதான் இருந்தேன்டா. அதுக்கு வெள்ளை அடிக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். நான் வேணான்னுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார். "நீ சரித்திரந்தான படிக்கிற, சொல்லு. அவங்க போனதால நாங்க போனோமா, நாங்க வர்றோம்னு அவங்கள அனுப்பினாங்களா?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக நான் படித்தவற்றின் சுருக்கம்.

2

வளைகுடாவுக்கும் நமக்குமான உறவு 1970களில் விசா ஏஜென்ட்டோடு தொடங்கியதாகத்தான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கடற்கரை இந்தியாவின் கொல்லைப்புறம் மாதிரி இருந்தது. வளைகுடா ஷேக்குகளைக் கவனித்துக்கொண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் லண்டனுக்கு அல்ல, பிரிட்டிஷ் இந்திய அரசுக்குத்தான் பதில் சொன்னார்கள். அங்கே புழங்கிய பணம் இந்திய ரூபாய். சுதந்திரம் வந்த பிறகும் அதுவே தொடர்ந்தது. அந்த ரூபாயை வைத்துத் தங்கம் வாங்கி இந்தியாவுக்குக் கடத்துவது பெரிய தலைவலியானதும், 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் அதைக் கைவிட்டன. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் கத்தாரும் இன்றைய அமீரகமும் விட்டுவிட்டன. அதுவரை துபாயில் சம்பளம் என்றால் ரூபாய்தான்.

எண்ணெய் வேலைக்கு இந்தியர்கள் போனது இன்னும் பழைய கதை. பாரசீகத்தின் ஆபாதானில் 1912-ல் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியபோது குமாஸ்தாக்களும் ஃபிட்டர்களும் இந்தியாவிலிருந்து போனார்கள். 1920 டிசம்பரில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், ஈரானியத் தொழிலாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். கூலி உயர்ந்தது. 1922-ல் மறுபடி ஒரு நிறுத்தம் நடந்தபோது பெரும் எண்ணிக்கையில் இந்தியர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். வேலை செய்ய வருகிறவன் உரிமை கேட்கத் தொடங்கினால் ஆளை மாற்று என்கிற பாடம் எண்ணெய்த் தொழில் பிறந்த பத்தே வருஷத்தில் எழுதப்பட்டுவிட்டது.

எண்ணெய், போர், துரத்தப்படுதல் மூன்றும் ஒன்றாக வந்த முதல் அனுபவம் தமிழர்களுக்குக் குவைத்தும் இல்லை, பர்மா. பர்மாவின் யெனாங்யாங் எண்ணெய் வயல்கள் அன்றைய பிரிட்டிஷ் பேரரசுக்குப் பெரிய சொத்து. அரிசியும் எண்ணெயும் தேக்கும் சேர்ந்து இழுத்த இழுப்பில் 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தெலுங்கர், தமிழர், வங்காளி எல்லோரும் அதில் உண்டு. சொந்த நாட்டுத் தலைநகரில் பர்மியர்கள் சிறுபான்மை. அந்தக் கசப்பு 1930-லும் 1938-லும் கலவரமாக வெடித்தது. 1941 கடைசியில் ஜப்பான் குண்டு போடத் தொடங்கியதும் நான்கு, ஐந்து லட்சம் இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே கிளம்பினார்கள். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல பாதை, கறுப்பர்களுக்குக் கெட்ட பாதை என்று தப்பி ஓடுவதற்குக்கூட இரண்டு வழிகள் இருந்தன. பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானியர் கைக்குப் போகக்கூடாது என்று யெனாங்யாங் கிணறுகளைப் பிரிட்டிஷ்காரர்களே வெடிவைத்துக் கொளுத்தினார்கள். 1991-ல் குவைத்தை விட்டுப் பின்வாங்கிய ஈராக் ராணுவம் நூற்றுக்கணக்கான எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தபோது உலகமே அதிர்ச்சியாகப் பார்த்தது. செட்டிநாட்டுக் கிழவர்கள் யாராவது தொலைக்காட்சியில் அதைப் பார்த்திருந்தால் புதுசாக எதுவும் தோன்றியிருக்காது.

3

குவைத் என்கிற நாட்டை மக்கள்தொகையை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம். முத்துக்குளிப்பும் பாய்மரக் கப்பலும்தான் பழைய பிழைப்பு. 1929-ன் உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் அந்தத் தொழிலைச் சாய்த்தன. 1938-ல் புர்கானில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். உலகப்போர் முடிந்து 1946-ல் முதல் கப்பல் எண்ணெய் ஏற்றிப் புறப்பட்டது. 1957-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மொத்தம் இரண்டு லட்சம் சொச்சம் பேர், அதில் 45 சதவீதம் வெளியிலிருந்து வந்தவர்கள். 1965 கணக்கெடுப்பில் வந்தவர்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். எண்ணெய் ஏற்றுமதி தொடங்கி இருபது வருஷத்துக்குள் குவைத்திகள் குவைத்தில் சிறுபான்மை.

இந்தப் பயத்துக்கு அரசு கண்ட மருந்து 1959 குடியுரிமைச் சட்டம். 1920-க்கு முன்பிருந்தே குவைத்தில் குடியிருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும்தான் அடிப்படையில் குவைத்தி. அதற்குப் பிறகு வந்தவர், எத்தனை வருஷம் இருந்தாலும், அவர் பிள்ளை அங்கேயே பிறந்தாலும், விருந்தாளி. பாலைவனத்தில் திரிந்துகொண்டிருந்ததால் அந்தக் காலத்தில் பெயரைப் பதியாமல் விட்ட உள்ளூர் அரபுகளே பலர் இந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்தார்கள். "பிதூன்" என்று அவர்களுக்குப் பெயர். இல்லாதவர் என்று அர்த்தம். இன்றுவரை நாடு இல்லாத மக்களாக அங்கேயே இருக்கிறார்கள்.

வந்தவர்கள் யார்? முதல் அலையில் அதிகம் பேர் அரபுகள். 1948-ல் இஸ்ரேல் உருவானபோது வீட்டை இழந்த பாலஸ்தீனர்கள் ஆசிரியராக, இன்ஜினியராக, கணக்காளராக, அரசு அலுவலகத்து ஊழியராகக் குவைத்துக்கு வந்தார்கள். ஒரு போர் துரத்திய மக்களை வைத்துத்தான் அந்த நாடு தன்னைக் கட்டிக்கொண்டது. 1990 வாக்கில் அங்கே பாலஸ்தீனர்கள் 3.5 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை இருந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது தலைமுறை. ஹவல்லி அவர்கள் பேட்டை. யாசர் அராஃபத் இளைஞராகக் குவைத்தில் இன்ஜினியர் வேலை பார்த்தவர், ஃபதா இயக்கம் உருவெடுத்ததே அந்த ஊரில்தான்.

1973 அரபு-இஸ்ரேல் போரை ஒட்டி எண்ணெய் விலை சில மாதங்களில் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலர் பக்கம் ஏறியது. சாலை, துறைமுகம், ஆஸ்பத்திரி என்று கட்டித்தள்ளப் பணம் வந்துவிட்டது, ஆள் வேண்டும். நம் ஊர்க் கதை உண்மையில் தொடங்குவது இங்கேதான். ஏன் அரபுகளையே இன்னும் கூப்பிடாமல் தென்னாசியர்களைக் கூப்பிட்டார்கள்? கூலி குறைவு என்பது பாதிக் காரணம். அரபுத் தொழிலாளி கூடவே நாசரிசம், பாத் கட்சி, பாலஸ்தீனப் போராட்டம் என்று அரசியலையும் கொண்டுவந்தான். "நாமெல்லாம் ஒரே அரபு மக்கள், இந்த எண்ணெயில் எங்களுக்கும் பங்கு உண்டு" என்று கேட்கிற வாய் அவனுக்கு இருந்தது. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டான். தமிழனும் மலையாளியும் வங்காளியும் மொழி தெரியாமல் வருவார்கள், தனியாக வருவார்கள், ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். வளைகுடா நாடுகளின் வெளிநாட்டவரில் 1975-ல் 72 சதவீதம் அரபுகள், 1996-ல் அது 31 சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இருபது வருஷத்தில் ஒரு பெரிய ஆள்மாற்றம் நடந்திருக்கிறது. பெரும்பகுதி சத்தமில்லாமல் நடந்தது, ஒரு பகுதி போரின்போது ஒரே அடியாக நடந்தது.

இந்தியா 1922-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் 1983-ல் புதுச் சட்டம் போட்டது. படிப்புக் குறைவானவர்களின் பாஸ்போர்ட்டில் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்று முத்திரை. ஏஜென்ட்டுகளுக்கு லைசென்ஸ். பெரியப்பா போன 1986-ல் எல்லாம் சட்டப்படிதான். ஆனாலும் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க இரண்டு ஏக்கர் நிலம் அடமானத்துக்குப் போனது. அந்தக் காலத்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணி ஆள் பிடித்துக்கொண்டு போனார். அப்போது எங்கள் ஊரும் சேலம் ஜில்லாதான். கங்காணி முன்பணம் கொடுத்துக் கடனாளி ஆக்கினார், ஏஜென்ட் முன்பணம் வாங்கிக் கடனாளி ஆக்கினார். கணக்கு ஒன்றுதான்.

போய் இறங்கியதும் "கஃபீல்" பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். கஃபீல் என்றால் பொறுப்பேற்பவர். அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது, ஊருக்குக் கிளம்ப முடியாது. அரசு தன் எல்லைக் காவலை ஒவ்வொரு முதலாளியின் மேசை டிராயரிலும் பிரித்துக் கொடுத்திருந்தது.

4

1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியற்காலை ஈராக் ராணுவம் உள்ளே வந்தது. மத்தியானத்துக்குள் நகரம் கைமாறிவிட்டது. எட்டு வருஷம் ஈரானோடு சண்டைபோட்டுக் கடனில் மூழ்கியிருந்த சதாம் ஹுசேன், குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரிக்கிறது என்று குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். அப்போது குவைத்தில் சுமார் 20 லட்சம் பேர், அவர்களில் இந்தியர்கள் ஒன்றேமுக்கால் லட்சம் பக்கம்.

"கஃபீல் சவூதிக்கு ஓடிட்டான். பாஸ்போர்ட் அவன் டிராயர்ல. ஆபீஸ் பூட்டு. நான் வெளிய நிக்கிறேன்" என்பார் பெரியப்பா. அவரைப்போல ஆயிரக்கணக்கானவர்கள். தூதரகம் அவசரச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது. பாங்க்கில் போட்ட பணம் காகிதமாகிவிட்டது, குவைத் தினாரே செல்லாது என்று ஈராக் அறிவித்தது. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைப் பார்த்தார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்ட புகைப்படம் உலகம் முழுக்கத் திட்டு வாங்கித் தந்தது, வழியும் திறந்து விட்டது.

வழி என்றால் நேர்வழி இல்லை. குவைத்திலிருந்து பஸ்ரா, அங்கிருந்து பாக்தாத், பாக்தாத்திலிருந்து மேற்கே ஜோர்டான் எல்லை, பாலைவனத்தைத் தாண்டி அம்மான். ஆகஸ்ட் வெயில். எல்லையில் இரு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் கூடார முகாம்கள் முளைத்தன. இந்தியர், வங்கதேசத்தார், இலங்கையர், ஃபிலிப்பைன்ஸ்காரர், எகிப்தியர் என்று லட்சக்கணக்கானவர்கள் அந்தச் சின்ன நாட்டின் மேல் வந்து விழுந்தார்கள். பெரியப்பா அங்கே பதினோரு நாள் இருந்தார். தண்ணி லாரி வரும்போது கூட்டம் ஓடுவதைப் பார்த்து, "நாலு வருசம் நான் தண்ணி கொண்டுபோனேன், கடைசில எனக்குத் தண்ணி கொண்டாந்தான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை எனக்குச் சின்ன வயசில் பிடிக்காது.

ஏர் இந்தியாவும் பிற விமானங்களும் சேர்ந்து சுமார் இரண்டு மாதத்தில் 488 தடவை பறந்து 1,11,000-க்கும் மேற்பட்டவர்களை அம்மானிலிருந்து பம்பாய் கொண்டுவந்து சேர்த்தன. பயணிகள் விமானங்கள் செய்த மீட்புகளில் உலக அளவில் மிகப் பெரியது இதுவே என்று சொல்லப்படுகிறது. 2016-ல் இதை வைத்து "ஏர்லிஃப்ட்" என்று இந்திப் படம் வந்தது. அதில் ஒரு பணக்கார வியாபாரி எல்லோரையும் காப்பாற்றுவார். பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

5

இந்தியர்கள் ஊர் திரும்பியதோடு நாம் கதையை நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்குத் திரும்ப ஓர் ஊர் இருந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை.

பாலஸ்தீனத் தலைமை சதாம் பக்கம் சாய்ந்தது. அராஃபத் பாக்தாத்தில் போய்க் கைகுலுக்கினார். 1991 பிப்ரவரி கடைசியில் குவைத் மீட்கப்பட்டதும் கணக்குத் தீர்க்கப்பட்டது. பாதிப்பேர் போரிலேயே வெளியேறியிருந்தார்கள், அவர்களைத் திரும்ப விடவில்லை. இருந்தவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், பள்ளிச் சலுகைகள் போயின, குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அடி, சிறை, கொலைகளும் நடந்தன. ஈராக்கியரை எதிர்த்துக் குவைத்திகளோடு நின்ற பாலஸ்தீனர்களும் இருந்தார்கள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 4 லட்சம் பக்கம் இருந்த சமூகம் ஒன்றிரண்டு வருஷத்தில் சில பத்தாயிரமாகச் சுருங்கியது. பெரும்பாலானவர்கள் ஜோர்டானுக்குப் போனார்கள். பலர் அதுவரை வாழ்ந்தே பார்க்காத நாடு.

சவூதியில் இதே கதை ஏமன்காரர்களுக்கு. அவர்களுக்கு மட்டும் கஃபீல் தேவையில்லை என்று சலுகை இருந்தது, சொந்தக் கடை வைத்திருந்தார்கள். பாதுகாப்பு கவுன்சிலில் உறுப்பினராக இருந்த ஏமன், ஈராக்குக்கு எதிரான தீர்மானங்களில் ஒதுங்கி நின்றது. 1990 செப்டம்பரில் சவூதி அந்தச் சலுகையை நீக்கியது. சில வாரங்களில் ஏழு, எட்டு லட்சம் பேர் கிடைத்த விலைக்குக் கடையை விற்றுவிட்டு எல்லை தாண்டினார்கள். ஏழை நாடான ஏமன் அந்த அடியிலிருந்து எழவே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எகிப்து கூட்டணிப் படையோடு நின்றது, அதனால் எகிப்தியர்கள் திரும்ப வந்து கடை போட முடிந்தது. ஹவல்லி வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த மிஸ்ரிக்காரர் அங்கே இருந்ததற்கும், மேலே அந்தக் குழந்தை இல்லாமல் போனதற்கும் அதுதான் காரணம். தங்கள் அரசுகள் எடுத்த முடிவுக்கு ஓட்டுப் போடாத மக்கள் அதற்கு விலை கொடுத்தார்கள், அல்லது பலன் பெற்றார்கள்.

காலியான இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கண்ணிவெடி எடுக்க, கிணற்றுத் தீ அணைக்க, இடிந்ததைக் கட்ட. இந்தியர்கள் மறுபடி போனார்கள், முன்பைவிட அதிகமாக. இன்று குவைத்தின் சுமார் 50 லட்சம் பேரில் குவைத்திகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்களுக்கு அடுத்த பெரிய கூட்டம் நாம்தான், சுமார் 10 லட்சம்.

ஆக, பெரியப்பாவின் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இது. அவரைக் கொண்டுவருவதற்காக அந்தக் குடும்பத்தை அனுப்பவில்லை. ஆனால் அவரைப்போலக் கேள்வி கேட்காத ஆட்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் கிடைப்பார்கள் என்று தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு தைரியமாக அனுப்ப முடிந்தது. மக்கள்தொகையை மாற்ற வேண்டும் என்கிற ஆசை அந்த அரசுகளுக்குப் போருக்கு முன்பே இருந்தது. போர் அதற்கு நாள் குறித்துக் கொடுத்தது.

6

நடுவில் ஒன்று விட்டுவிட்டேன். 1990 அக்டோபரில் கையில் ஒரு தோள்பையோடு அஞ்செட்டிக்கு வந்த பெரியப்பா, கடனை அடைக்க பெங்களூரு போய் லாரி ஓட்டினார். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்புக் கொடுத்தது. டிசம்பர் 11-ம் தேதி அது மத்திய அரசிதழில் வெளியானது. அடுத்த நாட்களில் பெங்களூருவில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டிகள் எரிந்தன. ஆயிரக்கணக்கான தமிழர்கள் கையில் கிடைத்ததோடு ஓசூர்ப் பக்கம் வந்தார்கள். பெரியப்பாவுக்குக் கன்னடம் தமிழ் மாதிரியே வரும். அது அவரைக் காப்பாற்றியது. வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க நடந்து அத்திப்பள்ளி தாண்டினார்.

"குவைத்துல ஓடுனப்போ கூட இவ்ளோ வலிக்கலடா. அது அவன் ஊரு. இது என் ஊருன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

இரண்டையும் சமமாக்க நான் விரும்பவில்லை. பெங்களூருவில் அவருக்கு ஓட்டு இருந்தது, திரும்பிப் போகிற உரிமை இருந்தது. போன தமிழர்களில் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் திரும்பினார்கள். குடியுரிமை என்கிற காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. ஆனால் தீ வைக்க வருகிறவன் அந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்ப்பதில்லை. 1992-ல் "மறுபடி ஏன் குவைத்?" என்று வீட்டில் அழுதபோது அவர் சொன்ன பதில், "எங்க போனாலும் ஒண்ணுதான், அங்க சம்பளமாச்சும் வருது."

அந்தப் போர் அவரைக் கொண்டுவந்து விட்டதோடு நிற்கவில்லை. எண்ணெய் விலை ஏறி, வளைகுடாப் பணமும் தடைபட்டு, ஏற்கெனவே கடனில் தள்ளாடிக்கொண்டிருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி சில வாரத்து இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலைக்கு வந்தது. 1991-ல் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டில் அடகு வைத்தார்கள். அதைத் தொடர்ந்து வந்ததுதான் தாராளமயம். 1970களிலேயே சிப்காட் வந்திருந்த ஓசூர் அதற்குப் பிறகு ஊதிய ஊதல் நம் கண்முன் நடந்தது. 2019-ல் மாநகராட்சி. இன்று அந்தத் தொழிற்சாலைகளை ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பையன்கள் நிரப்புகிறார்கள். பர்மாவில், குவைத்தில், பெங்களூருவில் போய் இறங்கிய நாம், இப்போது போய் இறங்கப்படுகிற ஊராக ஆகியிருக்கிறோம்.

7

ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்துப் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஐ.நா. ஓர் ஆணையம் வைத்தது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்த தனி ஆளுக்குக் குறைந்தது 2,500 டாலர். கடைசித் தவணையை ஈராக் 2022-ல்தான் கட்டி முடித்தது. எல்லா வகையும் சேர்த்து 5,200 கோடி டாலருக்கும் மேல். பெரியப்பாவுக்கு 90களின் கடைசியில் வந்தது, நம் பணத்தில் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. "சதாம் காசு" என்று வீட்டில் பெயர். அந்தக் காசில் ஓசூர் ஓரத்தில் ஒரு மனை வாங்கி, பிறகு அதில் ஆறு லைன் வீடு கட்டினார். இப்போது ஆறிலும் ஒடியாக்காரர்கள். வீட்டுக்கு ஐந்து பேர், ஷிப்ட் முறையில் படுக்கிறார்கள்.

"ஹிந்திக்காரங்களுக்கு ஏன் விடுறீங்க, நம்மாளுங்களுக்கு விடுங்க" என்று தெருவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நம் பையன்களுக்கு வேலை இல்லை, கூலியைக் குறைக்கிறார்கள், ஊர் மாறிவிட்டது. இந்தப் புகார்களில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை. ரங்கூனில் நம்மைப் பார்த்துச் சொன்னவை. 2020-ல் கொரோனாவோடு எண்ணெய் விலையும் விழுந்தபோது குவைத்தில் சொன்னவை. அப்போது அந்நாட்டுப் பிரதமர், 70 சதவீதமாக இருக்கும் வெளிநாட்டவரை 30 ஆக்க வேண்டும் என்றார். இந்தியர்களுக்கு 15 சதவீதம் என்று வரம்பு கட்ட மசோதா பேசப்பட்டு, பல லட்சம் பேர் வெளியேற வேண்டிவரும் என்று இங்கே செய்தித்தாள்கள் எழுதின. அந்த வரம்பு நடைமுறைக்கு வரவில்லை. நம் பையன்களுக்கு வேலை இல்லை என்பது பொய்யும் இல்லை. ஆனால் கூலியைக் குறைப்பவர் படுக்கையைப் பகிர்ந்துகொள்கிற அந்தப் பையனா, கூலி கொடுப்பவரா என்பதை யாரும் நின்று கேட்பதில்லை. ஆபாதானில் 1922-ல் கேட்கப்படாமல் போன கேள்வி அது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போனது. பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பதிவாயின. அந்த வாரம் ஒரு ராத்திரி பெரியப்பாவுக்கு லைன் வீட்டிலிருந்து போன். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயசு தாண்டியவர், காலையில் முதல் பஸ் பிடித்து ஓசூர் போனார். அவருக்கு ஒடியா தெரியாது, குவைத்தில் கற்ற இந்தி கொஞ்சம் வரும். நானும் கூடப் போனேன். என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? பெரிதாக ஒன்றும் இல்லை. "போறதுன்னா போங்க, வாடகை பாக்கி வேணாம். ஆனா பாஸ்போர்ட்டு, ஆதாரு, சம்பள சீட்டு, எல்லாத்தையும் உங்க கையில வச்சிக்கங்க. யார்கிட்டயும் குடுக்காதீங்க." பாஸ்போர்ட் யாரிடமும் இல்லை. அவர் வாய்க்கு அதுதான் முதலில் வந்தது.

மூன்று பேர் போனார்கள். மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளிகள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் செத்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2025 ஜூனில் ஈரான் ஏவுகணைகள் கத்தாரின் அமெரிக்கத் தளத்தை நோக்கி வந்தபோது வளைகுடா வான்வழிகள் சில மணி நேரம் மூடப்பட்டன. அன்றிரவு அமீரகத்திலும் கத்தாரிலும் குவைத்திலும் எத்தனை தமிழர்கள் தங்கள் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று யோசித்திருப்பார்கள்.

போன மாதம் லைன் வீட்டுக்கு வாடகை வாங்கப் போயிருந்தேன். மூன்றாவது வீட்டில் ஒரு பையன் மனைவியையும் பெண் குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டிவந்துவிட்டான். வீட்டுக்கு ஐந்து பேர் என்கிற கணக்கு அந்த வீட்டில் மாறிவிட்டது. கதவு நிலையில் பென்சில் கோடு ஒன்று, பக்கத்தில் ஒடியா எழுத்தில் ஏதோ. சுவரைப் பாழ்பண்ணுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். "இருக்கட்டும் விடு" என்றார்.